விலைச்சிட்டைக்கும் ஆயுள் உண்டு

ஹெவ்லொக் வீதியின் இருமருங்கிலும், அதிலிருந்து வெள்ளவத்தைப் பக்கமாகக் கிளைத்துச் செல்லும் ஒழுங்கைகளிலும், கலியாண வீடுகளுக்குச் சமைத்து அனுப்புவோர், அழைப்பிதழ் அச்சிடுவோர், பாடசாலைச் சீருடை தைப்போர், அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்போர் என்று, இரண்டு மூன்று பேரைக்கொண்டு நடத்தப்படும் சிறு ஸ்தாபனங்கள் அநேகம் இருக்கின்றன. இவர்களுடைய வியாபாரத்தில் கணிசமான பகுதி கடனிலேயே நடைபெறுகிறது. கடை வாடகையும் தொழிலாளர் சம்பளமும் மின்கட்டணமும் தவணை தவறாமல் வந்துகொண்டிருக்க, வாடிக்கையாளரின் மனம் நோகலாகாது என்ற தாட்சண்யத்தினால் உரிமையாளர் வாய்திறவாமல் காத்திருக்கிறார். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டிய 2022 செப்டெம்பரையொட்டிய மாதங்களில், தாமதித்து வந்த தொகை ஒரு சதமும் குறையாமல் வந்தபோதிலும், கொடுத்த சரக்கை மீண்டும் கொள்வனவு செய்ய அது போதாதிருந்ததை இவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். பெறுமதி சேர் வரிக்குப் பதிவுசெய்தவராயின், 2024 முதல் 18 வீதமாக உள்ள அவ்வரியைச் சிட்டை எழுதிய காலத்துக்கே கணக்குக் காட்டவேண்டியிருப்பதால், கைக்கு வராத பணத்துக்கும் வரி செலுத்தும் நிர்ப்பந்தம் சேர்ந்துகொள்கிறது.

பணத்தின் மதிப்புத் தேய்வது ஒரு நஷ்டமாயின், அதைக் கோரும் உரிமையே இல்லாதொழிவது அதனினும் பெரிய நஷ்டம். வழக்குத் தொடுப்பதற்குரிய கால எல்லைகளை வகுக்கும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. விற்று ஒப்படைத்த சரக்கு, கடைப்பற்று, கணக்குப் புத்தகக் கடன், செய்துகொடுத்த வேலை ஆகியவற்றுக்கான வழக்கு, பணம் செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஒரே வருடத்துக்குள் தொடுக்கப்படவேண்டும் என்பது அதன் விதி. எழுத்தில்லாத ஏனைய ஒப்பந்தங்களுக்கு 3 வருடமும், எழுத்திலான ஒப்பந்தம், புரோநோட்டு, உண்டியல் போன்றவற்றுக்கு 6 வருடமும் அது தருகிறது. கடன்பட்டவர் கடனை ஏற்றுக் கையொப்பமிட்டுத் தரும் கடிதமும், அவர் கணக்கிற் செலுத்தும் ஒரு பகுதிப் பணமும் இந்தக் காலத்தைப் புதிதாக ஓடச்செய்ய வல்லவை. “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று தொலைபேசியிற் சொல்லும் வாக்குக்கு அந்த வல்லமை இல்லை. எனவே, கையில் எவ்வகை எழுத்து இருந்தாலும், அந்த ஒரு வருடத்தையே தன் எல்லையாக வைத்துக்கொள்வது வியாபாரிக்குப் பத்திரமான மார்க்கம்.

கடன் கொப்பியில் எல்லாம் எழுதியிருக்கிறதே என்று சிலர் ஆறுதலடைவதுண்டு. கிரமமாகப் பேணப்பட்ட கணக்குப் புத்தகத்தை 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் அப்பதிவு ஒன்றை மாத்திரம் கொண்டு எவரையும் கடனாளி என்று தீர்த்துவிட முடியாது என்றும் அதே பிரிவு கூறுகிறது. அதற்குத் துணையாக வாங்குபவரின் எழுத்து வேண்டும். வேலை தொடங்குமுன்னரே விலை, தவணை நாள், தவறினால் வட்டி வீதம் ஆகியவற்றைக் குறித்து, அவருடைய கையொப்பத்துடன் கட்டளையைப் பெறவேண்டும்; பெரிய வேலையாயின் முற்பணமும் பெறவேண்டும்; சரக்கு இறங்கும்போது, பெற்றுக்கொண்டவரின் பெயரும் கையொப்பமும் திகதியும் சீட்டில் இருக்கவேண்டும். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த சம்மதங்களை அழியவிடலாகாது. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அத்தகைய ஆவணங்களுக்கும் அங்கீகாரம் அளித்திருக்கிறது.

இத்தனைக்குப் பின்னரும் தவணை தவறுமாயின், தவறிய வாரத்திலேயே மரியாதையான ஒரு நினைவூட்டலும், மாதம் கடந்தால் நிலுவைகளையெல்லாம் காட்டும் கணக்கு அறிக்கையும் அனுப்பி, பணம் வரும்வரை புதிய கடனை நிறுத்திவைக்க வேண்டும். சரக்கிற் குறையிருப்பதாக அவர் சொன்னால், அதை எழுத்தில் கேட்டு உடனே தீர்ப்பது நியாயமுமாகும், பின்னாளில் எழக்கூடிய எதிர்வாதத்தைத் தடுக்கும் உபாயமுமாகும். பணமுடை உண்மையானால், தவணை தவணையாகக் கட்டும் ஏற்பாட்டை எழுதிக் கையொப்பம் பெறலாம். அதுவும் பலிக்காதபோது, சட்டத்தரணி மூலம் பதிவுத் தபாலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பப்படுகிறது.

சட்டம் குறிக்கும் தொகைக்கு உட்பட்ட கடன் பிணக்குகள், நீதிமன்றம் செல்லுமுன் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குச் செல்லவேண்டும். அங்கே கட்டணமில்லை, சட்டத்தரணிகளின் வாதமில்லை, இணக்கம் ஏற்படாவிடின் சபை தரும் அத்தாட்சிப் பத்திரத்துடன் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகலாம். காசோலை, புரோநோட்டு, நிச்சயமான தொகையைக் குறிக்கும் எழுத்து ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று கையிலிருந்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை வகுத்துள்ள சுருக்க நடவடிக்கைமுறையை நாடலாம். அம்முறையில் எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல் எதிர்வாதம் செய்ய இயலாது. கணக்கிற் பணமில்லை என்று அறிந்தே காசோலை எழுதுவதை, 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் அச்சட்டம் தரும் விரைவான அறவிடல் வழி வங்கி போன்ற கடன் வழங்கும் ஸ்தாபனங்களுக்கே உரியது. சீருடை தைப்பவருக்கு அது திறக்கப்படவில்லை.

இந்தியாவில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம், குறு, சிறு தொழில்களிடம் வாங்குவோர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் செலுத்தவேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. பிரித்தானியாவில் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் வர்த்தகக் கடன்களுக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்துக்கு மேல் 8 வீத வட்டி கோரும் உரிமையை அளிக்கிறது. நம் சிறு வியாபாரிகளுக்கும் அத்தகைய பாதுகாப்பு அவசியம் என்பதே என் திடமான அபிப்பிராயம். பெரிய ஸ்தாபனமொன்று சிறியவரின் பணத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது, வட்டியில்லாக் கடனை அவருடைய சம்மதமின்றியே எடுப்பதாகும்.

சட்டம் வரும்வரை செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. மாதந்தோறும் ஒரு தினத்தை ஒதுக்கி, நிலுவைச் சிட்டைகளை 30 நாள், 60 நாள், 90 நாள் என்று வகுத்து, ஒரு வருடத்தை நெருங்கும் எதையும் அறவிடமுடியாக் கடன் என்று எழுதித் தள்ளுமுன் சட்டத்தரணியிடம் காட்டவேண்டும். உரிய பணத்தை உரிய காலத்தில் கேட்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் அவமரியாதை அன்று. மாத முடிவில் தன்னிடம் சம்பளத்துக்குக் கைநீட்டும் தொழிலாளருக்கு உரிமையாளர் ஆற்றவேண்டிய கடமை அது.