இணைய ஏலத்தில் டிராக்டர்: பார்க்கும் முன் பணம் கட்டாதீர்!

உழவு மாடு வைத்திருப்போர் குறைந்துவிட்ட இந்நாளில், 3 ஏக்கர், 4 ஏக்கர் நிலமுடைய சிறு விவசாயிகளும் சொந்தமாக ஒரு டிராக்டரோ பவர் டில்லரோ இருந்தால் நல்லது என்று எண்ணுகின்றனர். புது டிராக்டர் வாங்க வசதியில்லாதவர்கள் பழையதைத் தேடுவது இயல்பு. முன்பெல்லாம் இதற்குத் தரகரையோ, பக்கத்து ஊர் மெக்கானிக்கையோ விசாரிப்பார்கள். இப்போது செல்போனைத் திறந்தாலே விற்பனை விளம்பரங்களும், "வங்கி பறிமுதல் செய்த டிராக்டர்கள் ஏலம்" என்ற அறிவிப்புகளும் வந்து நிற்கின்றன.

இவற்றில் உண்மையானவையும் உண்டு. ஆனால் இல்லாத டிராக்டரை ஏலம் விட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் கும்பல்களும் இவற்றுக்கிடையே இருக்கின்றன. நகையை அடகு வைத்தும், கைமாற்று வாங்கியும் கட்டிய பணம் சில நிமிடங்களில் போய்விடுகிறது. டிராக்டர் வருவதில்லை; அடகு வட்டி மட்டும் ஏறுகிறது. இந்த மோசடி நடக்கும் விதம், அதில் சிக்காமலிருக்கும் வழி, சிக்கிவிட்டால் உடனே செய்ய வேண்டியது ஆகியவற்றை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

சந்தைக்கும் இணையத்துக்கும் உள்ள வேறுபாடு

மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற மாட்டுச் சந்தைகளில் மாடு வாங்குவோர் பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பணம் கைமாறும்போது மாட்டின் கயிறும் கைமாறிவிடும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நடக்கும் மறைமுக ஏலத்திலும் விளைபொருள் கூடத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். வியாபாரி அதைக் கையில் அள்ளிப் பார்த்த பிறகே விலை எழுதிப் போடுவார். இடையில் கூடத்தின் அலுவலர் இருக்கிறார்.

ஆக, நேர்மையான ஏலத்தில் பொருள் கண்முன் இருக்கும். விற்பவர் யார் என்பது தெரியும். பணம் கடைசியில்தான் கைமாறும். இணைய மோசடிக்காரர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறார். முதலில் பணம், பிறகு பொருள் என்கிறார். மோசடி முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இணையத்தில் ஏலம் விடுவது புதிய முறை அல்ல. அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் 1995-ல் தொடங்கிய தளமே பின்னர் ஈபே என்று பெயர் பெற்றது. முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்காக, வாங்கியவரும் விற்றவரும் தத்தம் அனுபவத்தை எழுதி வைக்கும் ஏற்பாடு 1996-ல் அதில் வந்தது. இது பெரிதும் உதவியது. ஆயினும், சிறு பொருள்களை ஒழுங்காக அனுப்பி நற்பெயர் சம்பாதித்துக்கொண்டு, பெரிய பொருளுக்குப் பணம் வாங்கியதும் மறைந்தவர்கள் உண்டு. தாமே வேறு பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிட்டவர்களும் உண்டு. ஆகவே, பிறர் எழுதிய நற்சான்றை மட்டும் நம்பிப் பெருந்தொகை கட்டக் கூடாது.

பழைய பொருள்களுக்கான பல தளங்கள் விளம்பரத்தை வெளியிடுவதோடு சரி. பணம் வாங்குபவரிடமிருந்து விற்பவருக்கு நேராகப் போகிறது. நடுவில் பொறுப்பேற்க ஆள் இல்லை என்பதை மறக்கக் கூடாது.

மோசடி நடக்கும் விதம்

1. முதலில் விலையைக் காட்டி இழுப்பார்கள். சந்தையில் 4 லட்சம் ரூபாய் பெறக்கூடிய டிராக்டரை ஒன்றரை லட்சம் என்பார்கள். படமும் ஆர்.சி. புத்தகத்தின் நகலும் வேறு யாரோ உண்மையாக வெளியிட்ட விளம்பரத்திலிருந்து எடுத்தவையாக இருக்கும்.

2. அடுத்து நம்பிக்கை ஊட்டுவார்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்" என்றோ, "வங்கியின் ஏலப் பிரிவிலிருந்து பேசுகிறேன்" என்றோ சொல்லி, அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படம் யாருடையதாகவும் இருக்கலாம்.

3. பிறகு அவசரப்படுத்துவார்கள். "இன்னும் இருவர் கேட்கிறார்கள், இன்று மாலை ஏலம் முடிகிறது" என்பார்கள். நேரில் வந்து பார்க்கிறேன் என்றால், வண்டி முகாமுக்குள் இருக்கிறது, கிடங்குக்குள் அனுமதி இல்லை என்று ஏதாவது காரணம் வரும்.

4. பணத்தைச் சிறுகச் சிறுகக் கறப்பார்கள். எடுத்துக்காட்டாக, ஏலப் பதிவுக்கு 5,000 ரூபாய் கேட்பார்கள். கட்டியதும், வண்டியை லாரியில் ஏற்றிவிட்டோம், வாடகை 12,000 என்பார்கள். அடுத்து வரி 18,000. பிறகு, திரும்பக் கிடைக்கும் காப்புத் தொகை 10,000. மொத்தம் 45,000 ரூபாய். முதலிலேயே 45,000 கேட்டிருந்தால் எவரும் கொடுத்திருக்க மாட்டார். "இதைக் கட்டாவிட்டால் முன்பு கட்டியது போய்விடுமே" என்ற அச்சத்திலேயே அடுத்தடுத்த தொகையைக் கட்டுகின்றனர். இரண்டாம் முறை பணம் கேட்கும்போதே நிறுத்திக்கொண்டால் நஷ்டம் 5,000-த்தோடு போகும்.

5. மேற்கொண்டு பணம் வராது என்று தெரிந்ததும் எண்ணை அணைத்துவிடுவார்கள்.

மெய்யான வங்கி ஏலம் எப்படி இருக்கும்?

கடன் கட்டாத வாகனங்களை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஏலம் விடுவது உண்மையே. அரசுத் துறைகளின் கழித்துக் கட்டிய வாகனங்களை மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனம் இணையத்தில் ஏலம் விடுகிறது. இத்தகைய ஏலங்களில் எந்த அலுவலகம் விற்கிறது, வாகன எண் என்ன, குறைந்தபட்ச விலை என்ன, வாகனம் எங்கே நிற்கிறது, எந்த நாளில் பார்வையிடலாம் என்ற விவரங்கள் அறிவிப்பில் இருக்கும். பொருள் "உள்ளது உள்ளபடி" விற்கப்படுவதால், பார்வையிடும் நாளில் மெக்கானிக்கை அழைத்துப்போய்ப் பார்த்துவிட வேண்டும்.

இங்கும் முன்வைப்புத் தொகை உண்டு. ஆனால் அது நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும். தனி ஆளின் பெயரிலுள்ள கணக்குக்கோ, அவரது செல்போன் எண்ணுக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அது ஏலம் அல்ல என்று முடிவு செய்துவிடலாம்.

சந்தேகம் வந்தால் விளம்பரத்தில் உள்ள எண்ணில் விசாரிக்கக் கூடாது. அது மோசடிக்காரரின் எண்ணாகவே இருக்கும். அந்த வங்கியின் பக்கத்துக் கிளைக்கு நேரில் போய், இப்படி ஓர் ஏலம் உண்டா என்று கேட்க வேண்டும். பஸ் செலவு 50 ரூபாய் ஆனாலும் அது வீண் செலவு அல்ல.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

* ஆர்.சி. புத்தகத்தின் அசல். நகலும் படமும் போதாது. பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் மோசடிக்காரர் காட்டுவது வேறொருவரின் உண்மையான வண்டி எண்ணாக இருந்தால் செயலியிலும் எல்லாம் சரியாகவே தெரியும். ஆகவே வண்டியையும் ஆளையும் நேரில் பார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

* என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சேசிஸ் நம்பர் மீது தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொண்டால், அழித்து அடித்த எண் இருந்தால் தெரிய வாய்ப்பு உண்டு.

* வண்டியின் மீது கடன் இருக்கிறதா என்பது ஆர்.சி.யிலேயே குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டும் தேவை. வெளிமாநில வண்டியாயின் படிவம் 28-ன்படி அந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

* விற்பவரின் வீட்டுக்கோ, வண்டி நிற்கும் இடத்துக்கோ விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போக வேண்டும். பெருந்தொகையை ரொக்கமாக எடுத்துச் செல்லக் கூடாது. வண்டியும் தாள்களும் சரியாக இருந்தால், அங்கேயே வங்கி மூலம் பணத்தை மாற்றி, ரசீது எழுதி வாங்கலாம்.

* பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் நம்பர் தேவையே இல்லை. பணம் அனுப்புவதற்கு மட்டுமே அது தேவை. உங்கள் பழைய பம்ப்செட்டையோ மாட்டையோ வாங்குவதாகச் சொல்லி, "இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும்" என்று எவராவது கூறினால், பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும்.

உழவுக்குப் பருவம் தவறிவிடுமே என்ற அவசரத்தில்தான் பலரும் விசாரிக்காமல் பணம் கட்டுகின்றனர். அந்த ஒரு பருவத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு டிராக்டர் எடுத்து உழுதுவிட்டு, பழைய டிராக்டரை நிதானமாகத் தேடுவது நல்லது.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

மோசடிக்காரர் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. கமிஷன் கொடுத்து வாங்கிய பிறர் கணக்குகள் வழியாக அதை மாற்றி மாற்றி அனுப்பி, இறுதியில் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார். எடுக்கும் முன் தடுத்தால் மட்டுமே மிஞ்சும். ஆகவே மணிக்கணக்கில் யோசிக்காமல் உடனே செயல்பட வேண்டும்.

1. முதலில் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மத்திய உள்துறை 2021-ல் தொடங்கிய ஏற்பாடு இது. தொடக்கத்தில் 155260 என்றிருந்த எண் பின்னர் 1930 ஆயிற்று. புகார் பதிவானதும் பணம் சென்ற வங்கிக்குத் தகவல் போகும். கணக்கில் மீதியுள்ள தொகை நிறுத்தி வைக்கப்படும். வேறு வங்கிக்குப் போயிருந்தால் தகவலும் அங்கே தொடரும். கணக்கு எண், அனுப்பிய தொகை, நேரம், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். யு.பி.ஐ.யில் பரிமாற்ற எண் 12 இலக்கம் இருக்கும்.

2. அதே நேரத்தில் வீட்டில் வேறொருவர் உங்கள் வங்கிக்குத் தகவல் சொல்லலாம்.

3. பின்னர் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். படித்த பிள்ளைகளோ இ-சேவை மையத்தினரோ உதவலாம். விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, அழைத்த எண்கள் எதையும் அழித்துவிடக் கூடாது. அவையே சாட்சி.

4. மாவட்டத்தின் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. ஏமாற்றிப் பணம் பறித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

"போன பணத்தை மீட்டுத் தருகிறோம், 3,000 ரூபாய் கட்டணம்" என்று சொல்லிச் சிலர் வருவார்கள். இது இரண்டாவது மோசடி. 1930-ல் புகார் செய்யக் கட்டணம் எதுவும் இல்லை.

விற்றவர் முகவரியுள்ள உண்மையான வியாபாரியாக இருந்து, மருந்து தெளிப்பானோ சொட்டுநீர்க் குழாயோ மட்டமாக அனுப்பியிருந்தால் அதற்கு வழி வேறு. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். பிறகு, பொருள் வாங்கி 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது.

வெட்கம் வேண்டாம்

ஏமாந்தது ஊருக்குத் தெரிந்தால் கேலி பேசுவார்கள் என்று பலர் வாய் திறப்பதில்லை. மனைவியிடம் கூடச் சொல்லாமல் நாள்களைக் கடத்திவிடுகின்றனர். அதற்குள் பணம் கைக்கெட்டாமல் போய்விடுகிறது. அதே விளம்பரத்தைப் பார்த்து அடுத்த தெருக்காரரும் ஏமாறுகிறார். படித்தவர்களும் அதிகாரிகளும் கூட இத்தகைய மோசடிகளில் ஏமாந்துள்ளனர். இதில் வெட்கப்பட வேண்டியவர் ஏமாற்றியவரே.

எனவே, 1930 என்ற எண்ணை வீட்டுச் சுவரிலோ, மோட்டார் அறையிலோ எழுதி வைப்பது நல்லது. டிராக்டரோ கறவை மாடோ எதுவாயினும், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தாள்களைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். அதுவரை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒரு ரூபாய் கூட முன்பணம் அனுப்பலாகாது.