பெயர் போடாத எழுத்து

பாடக் குறிப்புத் தேடி நாம் அடிக்கடி திறக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில், கட்டுரையின் கீழே எழுதியவர் பெயர் இராது. எழுதுவோருக்குக் கூலியும் இல்லை. ஆனால், அதன் ‘வரலாறு’ பக்கத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தியவரின் பயனர் பெயர்கூட நாள், நேரத்துடன் பதிவாகியிருக்கும். நல்ல திருத்தத்துக்குச் சக பயனர்கள் நன்றி தெரிவிப்பார்கள். தவறு செய்தவரையும் அதே பதிவு காட்டிவிடும்.

2003இல் உருவான இக்கலைக்களஞ்சியத்துக்கு அடித்தளமிட்டவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. ஏனைய பலருக்கு அந்தப் பதிவு ஒன்றே பாராட்டு.

மட்டக்களப்பு வாவியின் மீன்களையும் கண்டல்களையும் பற்றி, அதன் கரையில் வாழும் நாமே சான்றுகளுடன் எழுதலாம். விருது வராது, அடுத்து வரும் மாணவிக்குக் குறிப்புக் கிடைக்கும்.