அண்டை வீடு – 17: டாக்காவிலிருந்து காட்பாடிக்கு

சார்க் கதையைப் போன வாரம் 2014 காத்மாண்டு மாநாட்டில் விட்டிருந்தேன். அதற்குப் பிறகு மாநாடே கூடவில்லை, முன்கதை அவ்வளவுதான். இந்த வாரம் பெட்ராபோல் எல்லையில் காத்துக்கிடக்கும் லாரிகளைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது சாந்த்ராகாச்சி.

ஹௌராவிலிருந்து தெற்கே வரும் வண்டிகள் கடக்கிற ஜங்ஷன் இது. ஸ்டேஷனை ஒட்டி ஓர் ஏரி. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாக இறங்கும். பறவைக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை என்ற வரியை எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் விட்டுவிடுகிறேன். ஊரின் இன்னொரு பெருமை சேனைக்கிழங்கு. இந்த ஊர்ச் சேனை தொண்டையை அரிக்காது என்று கல்கத்தாக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். புளி சேர்க்காமல் நான் நம்பத் தயாரில்லை.

சென்னை வண்டி வரும் நேரத்தில் பிளாட்ஃபாரத்தைப் பாருங்கள். மூட்டை, பொரி டப்பா, தண்ணீர் கேன் எல்லாம் தரையில் கிடக்கும். எக்ஸ்ரே உறை மட்டும் யாராவது ஒருவர் மடியில் இருக்கும். ஷாலிமாரில் கிளம்பும் கோரமண்டல் இங்கே நின்றுதான் போகிறது. அதில் ஏறுபவர்களில் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜெசோர், குல்னாக்காரர்களும் உண்டு. சென்னை ஆஸ்பத்திரி, இல்லையென்றால் சென்னையில் வண்டி மாறி, காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி. ஐடா ஸ்கடர் 1900இல் தொடங்கிய அந்த மருத்துவமனையைச் சுற்றி வங்காளி எழுத்தில் போர்டு மாட்டிய லாட்ஜுகளை வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே கோரமண்டல் விபத்துக்குள்ளானபோது கல்கத்தாவிலுள்ள வங்கதேசத் துணைத் தூதரகம் உடனே உதவி எண்ணை அறிவித்தது. ஒடிசாவில் கவிழ்ந்த சென்னை வண்டிக்கு டாக்கா ஏன் பதற வேண்டும்? அவர்கள் ஊர் நோயாளிகள் அந்த வண்டியில் போவது வழக்கம் என்பதால்தான். பொருளாதார ஒருங்கிணைப்பு என்று மாநாடுகளில் பேசப்படுவதை நான் கண்ணால் பார்த்தது இங்கேதான்.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாதது இரண்டு தேதிகள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்பு போன போட் மெயில் கதை முடிந்தது. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர்; கல்கத்தாவிலிருந்து கிழக்கு வங்காளம் போன ரயில்கள் நின்றன. இடையில் ஒன்பதே மாதம்! தெற்கே கடல் அறுத்தது, கிழக்கே அரசுகள் அறுத்தன. கடல் அறுத்ததை மனிதர்கள் கொஞ்சம் ஒட்டுப்போட்டார்கள்: ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் 1980கள் வரை ஓடியது. அரசுகள் அறுத்ததை ஒட்ட நாற்பத்துமூன்று வருஷம் ஆயிற்று. மைத்ரி எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது 2008 ஏப்ரல் 14, வங்காளப் புத்தாண்டு அன்று. அப்போதும் எல்லையில் எல்லோரையும் இறக்கி, பெட்டியைத் திறந்து, மணிக்கணக்கில் நிற்கவைத்தார்கள். குடியேற்றச் சோதனையைப் புறப்படும் ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளலாம் என்ற ஞானம் பிறந்தது 2017 நவம்பரில்.

அந்த மைத்ரி, 2024 ஜூலைக் கலவரத்தோடு நின்றது. ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்த பிறகு இந்தியா விசாவையும் இறுக்கியது. மருத்துவம், அவசரம் என்று குறைந்த அளவில்தான் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் வங்கதேசம் நம் நூலைத் தரைவழியாக எடுக்க மறுத்தது. மே மாதம் நாம் அவர்கள் ஆயத்த ஆடைக்குத் தரைவழியை அடைத்தோம். நூலும் துணியும் சண்டை போடட்டும். எக்ஸ்ரே உறையோடு நிற்பவரை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள் என்பதுதான் டெல்லிக்கு என் கோரிக்கை.

லாரிகள் அடுத்த வாரம். இடம் மிச்சமிருந்தால், 2026 டிசம்பரில் காலாவதியாகும் கங்கை நீர் ஒப்பந்தமும்.