கணிப்பொறியின் வெப்பம் தணிய

உழைக்கும் பொருள் எதுவும் சூடேறும் என்பது இயற்கையின் நியதி. மாவரைக்கும் யந்திரம் சூடேறுகிறது. தையல் யந்திரத்தின் மோட்டார் சூடேறுகிறது. மேஜைமேல் அமர்ந்து கணக்கிடும் கணிப்பொறியும் இந்த நியதிக்கு விலக்கன்று. தாணே, செம்பூர், மாட்டுங்கா, தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், பிள்ளைகளின் படிப்புக்கும் பெரியவர்களின் பிழைப்புக்கும் கணிப்பொறி இன்று உற்ற துணையாகிவிட்டது. கோடை வந்ததும் அது மந்தமடைகிறது. சில வேளைகளில் வேலையின் நடுவே தானாகவே நின்றும் விடுகிறது. கடையில் விசாரித்தால், நல்ல கூலர் ஒன்று போடும்படி கூறுகிறார்கள். நல்ல கூலர் எது? அதைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்? முதலில், அதை வாங்குவது அவசியந்தானா? இவற்றை இங்கு ஆராய்வோம்.

நாகபுரியிலும் தில்லியிலும் சன்னலில் பொருத்தப்பெறும், ஈரத்தட்டி வழியே காற்றை வீசும் கூலரை நாம் இங்குக் குறிக்கவில்லை. கணிப்பொறியின் மூளை எனத்தக்க செயலியின், அதாவது பிராசஸரின், முதுகில் அமர்ந்து அதன் வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் சிறு சாதனத்தையே குறிக்கிறோம்.

கணிப்பொறிக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு பழமையானது. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கணிப்பொறியில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. அதை உருவாக்கிய குழுவை நடத்திச் சென்றவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. வால்வு என்பது உள்ளே இழை சூடேறினால்தான் இயங்கும் பொருள். இன்றைய செயலியில் வால்வு இல்லை. தபால்தலையினும் சிறிய சிலிக்கன் சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் அடங்கியுள்ளன. ஆயினும் வெப்பம் நம்மை விட்டு அகலவில்லை. இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ5 12400 என்னும் நடுத்தரச் செயலி, முழு வேகத்தில் 117 வாட் வரை மின்சக்தியை உட்கொள்ளும். அதே நிறுவனத்தின் ஐ9 13900கே என்பதோ 253 வாட் வரை செல்லும். உட்கொண்ட மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்கு இதன் கடுமை எளிதில் விளங்கும்.

இவ்வெப்பத்தை வெளியேற்றும் தத்துவம் நம் வீட்டுச் சமையலறையிலேயே உள்ளது. டம்ளரில் கொதிக்கும் காப்பியை அகன்ற டவராவில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறது. காற்றுப்படும் பரப்பு மிகுந்ததே அதற்குக் காரணம். கூலரில் காணும் மெல்லிய அலுமினியத் தகடுகளின் வரிசை இப்பணியையே செய்கிறது. அத்தகடுகளின் ஊடே சிறு விசிறி காற்றைச் செலுத்துகிறது. உயர்ந்த வகைக் கூலர்களில் செம்புக் குழாய்களும் உண்டு. இட்லிப் பானையில் அடியிலுள்ள நீர் ஆவியாகி மேலெழுந்து, மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளிகளாகி மீண்டும் கீழே இறங்குவதைக் காண்கிறோம். முற்றிலும் அடைக்கப்பட்ட செம்புக் குழாயினுள் சிறிதளவு திரவம் இவ்வாறே ஆவியாகி, வெப்பத்தைத் தகடுகளுக்குச் சுமந்து சென்று, உட்சுவரிலுள்ள திரி போன்ற அமைப்பின் வழியே திரும்பி வருகிறது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் குரோவர் என்னும் விஞ்ஞானி இக்குழாயைச் செய்து காட்டினார்.

இங்கு ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். இத்தகைய கூலர் எதுவும் செயலியை அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. அது செய்வதெல்லாம், அறையின் வெப்பத்துக்கும் செயலியின் வெப்பத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதேயாகும். விளம்பரங்களிலும் சோதனைக் குறிப்புகளிலும் காணும் அளவுகள் பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டிய குளிர்ந்த அறைகளில் எடுக்கப்படுபவை. 22 டிகிரி அறையில் ஒரு கூலர் செயலியை 72 டிகிரியில் நிறுத்துகிறது எனக் கொள்வோம், இடைவெளி 50. அதே கூலர், தாணேயில் வைகாசி மாதத்து நண்பகலில் 36 டிகிரி உள்ள அறையில் ஏறத்தாழ 86 டிகிரியைக் காட்டும். கூலரில் குறையில்லை; காற்றே சூடானது. தகரக் கூரையின் கீழும் மேல்மாடியிலும் வசிப்போர் இக்கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே, பணத்தை எடுக்குமுன் நோயை அறிதல் நன்று. செயலியின் வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருள்கள் பல உள்ளன. கணிப்பொறிக்குக் கடும் வேலை தந்து, அரை மணி நேரம் அவ்வளவுகளைக் கவனிக்கலாம். செயலிகள் பலவும் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும், தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அவ்வாறு வேகம் குறைந்தால்தான் சிகிச்சை தேவை. 80 டிகிரி என்ற எண்ணைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை.

வேகம் குறைகிறதெனில், பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். வெப்பம் கணிசமாக இறங்கினால், குற்றம் கூலரில் அன்று, பெட்டியின் காற்றோட்டத்தில் உள்ளது. அந்நிலையில் பெட்டிக்கு ஒரு விசிறி சேர்ப்பதும், சுவரோடு ஒட்டி வைத்ததைச் சற்று நகர்த்துவதும் போதும். அடுத்து, தூசி. கட்டட வேலை ஓயாத தாணே போன்ற நகரில் கூலரின் தகடுகள் சில மாதங்களிலேயே அடைபடும். மின்இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடைக்கலாம். மூன்றாவது, செயலிக்கும் கூலருக்கும் இடையே பூசும் பசை. பார்வைக்கு வழவழப்பான இரு உலோகப் பரப்புகளுக்கிடையேயும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று தங்கினால் வெப்பம் கடப்பது அரிது. காற்றை விலக்கி அவ்விடத்தை நிரப்புவதே பசையின் வேலை. ஆண்டுகள் சென்று அது காய்ந்திருந்தால், பழையதைத் துடைத்தெடுத்துப் பட்டாணி அளவு புதுப்பசை இடுதல் வேண்டும். சில நூறு ரூபாயில் முடியும் இக்காரியங்கள், பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத் தவிர்த்துவிடக் கூடும்.

இவை யாவும் செய்தும் பயனில்லையெனில், புதிய கூலரைத் தேடலாம். செயலியுடன் இலவசமாக வரும் சிறு கூலர் 65 வாட் வகைச் செயலிகளுக்குச் சாதாரண வேலையில் போதுமானது. நம் கோடையில் நெடுநேரம் ஒளிப்படத் தொகுப்பு போன்ற கடும் வேலை செய்வோர்க்கு, நான்கு செம்புக் குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறியும் கொண்ட கோபுர வகை ஏற்றது. பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தருவதால் இரைச்சல் குறைவு. ஒரே அறையில் ஒருவர் உறங்க, ஒருவர் படிக்கும் இல்லங்களில் இது சிறிய நன்மை அன்று. 200 வாட்டுக்கு மேற்பட்ட செயலிகளுக்கு இரட்டைக் கோபுரமோ திரவக் கூலரோ வேண்டியிருக்கும். திரவக் கூலரும் வெப்பத்தை இதே அறைக்காற்றில்தான் விடுகிறது. பழுதாகக்கூடிய பம்பு ஒன்று அதில் கூடுதல். எனவே நடுத்தரச் செயலிக்கு அது வீண்செலவு. மழைக்காலத்தில் கூலரின்மேல் நீர் பனித்துவிடுமோ எனச் சிலர் ஐயுறுகின்றனர். அறையினும் குளிர்ந்த பொருளின்மேல்தான் நீர் படியும். ஆகையால் அந்த அச்சம் வேண்டியதில்லை.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. கணிப்பொறியின் பயாஸ் அமைப்பில் செயலியின் மின்சக்திக்கு ஓர் உச்சவரம்பை விதிக்கப் பல பலகைகள் இடம் தருகின்றன. உயர்வகைச் செயலிகளில் இதனால் வேகம் சிறிதே குறையும். வெப்பமோ வெகுவாகக் குறையும். மின்கட்டணத்திலும் சிக்கனம் உண்டு.

கூலர் வாங்கத் தாணேயிலிருந்து பலர் லாமிங்டன் சாலைக்குச் செல்வது வழக்கம். மத்திய ரயில்வே வண்டியில் தாதர் வரை சென்று, மேற்கு ரயில்வேக்கு மாறி, கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். கூட்டத்தில் இவ்வளவு தூரம் சென்று பொருந்தாத பொருளுடன் திரும்புவது துன்பம். ஆதலின் நான்கு விவரங்களைக் காகிதத்தில் குறித்துச் செல்ல வேண்டும். முதலாவது, செயலியின் பெயரும் அதன் உச்ச வாட் அளவும். இரண்டாவது, சாக்கெட்டின் பெயர். 2021இல் வந்த எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் கூலரின் துளைகளுக்கிடையே 78 மில்லிமீட்டர் தூரம். அதற்கு முந்திய எல்ஜிஏ 1200இல் 75 மில்லிமீட்டரே. மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆயினும் தக்க பிடிச்சட்டம் இல்லையேல் கூலர் உட்காராது. மூன்றாவது, பெட்டி ஏற்கும் கூலரின் உயரம். கோபுர வகை பெரும்பாலும் 150 முதல் 160 மில்லிமீட்டர் உயரமுள்ளது. ஒல்லியான பெட்டிகளில் மூடி அடைபடாது. நான்காவது, நினைவகப் பட்டைகளின் உயரம். அவை கூலரின் விசிறியில் இடிக்கக் கூடாது. வண்ண விளக்குகள் வெப்பத்தைக் குறைப்பதில்லை. அவற்றுக்கென அதிக விலை தர வேண்டியதில்லை. ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கேட்டுப் பெறுதல் நலம்.

பொருத்தும்போதும் நிதானம் வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டில் பழைய கூலரை வெடுக்கென்று இழுத்தால், காய்ந்த பசையோடு செயலியும் சேர்ந்து வந்து அதன் ஊசிகள் வளைந்துவிடும். சற்று நேரம் கணிப்பொறியை ஓடவிட்டு, அணைத்து, மின்இணைப்பை நீக்கி, பசை இளகியபின் கூலரை மெல்லத் திருகி எடுப்பதே முறை. புதியதன் திருகாணிகளை ஒரே மூலையில் முற்றாக முறுக்காமல், எதிரெதிர் மூலைகளில் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். கூலரின் அடியில் ஒட்டியுள்ள காப்புத்தாளை உரிக்க மறந்து, புதுக் கூலரும் பயனற்றது என வருந்துவோர் உண்டு. அதையும் கவனிக்க வேண்டும்.

அதன்பின் ஆண்டுதோறும் மாசி மாதத்தில், கோடை தொடங்குமுன், ஒருமுறை தூசி துடைத்து வெப்பத்தை அளந்து குறித்து வைத்தால், பிள்ளைகளின் தேர்வுக்காலத்தில் கணிப்பொறி நடுவழியில் நின்று தொல்லை தராது.