எழுத்தாகும் அட்டைப்பெட்டி

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பிறந்தநாள், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்றால், நாற்காலிக்குப் பின்னால் பெயரைப் பெரிய எழுத்தில் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த எழுத்தை வெகுகாலம் தெர்மாகோலில் வெட்டினோம். 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்று பல வீடுகளில் பரண்மேலேயே கிடக்கிறது. மிக்ஸியோ டிவியோ வந்த அட்டைப்பெட்டிதான் அது. அதை வெட்டி, காகிதம் ஒட்டி, பெயிண்ட் அடித்தால் கடை எழுத்துக்குக் குறையாத எழுத்து கிடைக்கும். அட்டையின் குணம் தெரிந்திருந்தால் போதும்.

பெட்டியின் ஓரத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே மூன்றாவது தாள் ஒன்று நெளிநெளியாக ஓடும். இதைத்தான் ‘மூணு பிளை’ அட்டை என்கிறோம். கனமான சாமான்களுக்கு ஐந்து பிளை, ஏழு பிளை உண்டு. இப்படிக் காகிதத்தை நெளிக்கும் முறைக்கு 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்கள், உயரமான தொப்பிகளுக்கு உள்வரி வைப்பதற்காக. 1871இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் பாட்டில்களையும் விளக்குக் கண்ணாடிகளையும் சுற்ற நெளிதாளைப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் அதன்மேல் தட்டைத் தாளை ஒட்டி நெளிவு குலையாமல் நிறுத்தினார். இன்று எண்ணூர் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்குள் எத்தனையோ சரக்கு இந்த அட்டைக்குள்தான் பயணம் செய்கிறது.

நெளிவு ஓடும் திசைதான் இந்த வேலையின் சூட்சுமம். நெளிவின் போக்கிலேயே அட்டை எளிதாக மடியும். அதற்குக் குறுக்கே மடிக்கப் பார்த்தால் முரண்டு பிடிக்கும். அதனால் எழுத்தின் முகத்தை வெட்டும்போது நெளிவு மேலிருந்து கீழாக ஓடும்படி வரைந்துகொள்ளுங்கள். ‘ா’ போன்ற நெட்டையான பகுதிகள் தொய்யாமல் நிற்கும்.

எழுத்துக்குக் கனம் வேண்டுமென்றால் ஒரே அளவில் இரண்டு முகம் வெட்டி, இடையில் நான்கு ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டையைச் சுற்றிலும் வைத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்ட வேண்டும். இந்தப் பட்டையில் நெளிவு அகலவாக்கில் இருக்கட்டும். அப்போதுதான் ‘ழ’வின் சுழியையும் ‘ஞ’வின் வளைவையும் ஒட்டி அது திரும்பும். இன்னும் நெகிழ்வு வேண்டுமா? நெளிவையும் தட்டைத் தாளையும் பெரும்பாலும் மாவுப்பசைதான் பிணைத்திருக்கிறது. ஈரத்துணியால் ஒரு பக்கத்தைத் துடைத்துச் சற்று நேரம் விட்டால் மேல்தாள் உரிந்து வரும். மீதி அட்டை பாய்போல் சுருளும்.

தமிழ் எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. கா, தா, மா எல்லாவற்றுக்கும் கால் ஒன்றுதான். 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ணா, றா, னாவுக்கும் அதே கால். ஒரு கால், ஒரு கொம்பு வரைந்து வைத்துக்கொண்டால் எந்தப் பெயருக்கும் அச்சாக உதவும். மெய்யெழுத்தின் புள்ளி தனியாக நிற்காது என்பதால், பின்னால் மெல்லிய அட்டைத்துண்டு கொடுத்து எழுத்தோடு இணைத்துவிடுங்கள்.

வெட்டிய ஓரத்தில் நெளிவின் துளைகள் தெரியும். அதன்மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் உறிஞ்சிக்கொண்டு திட்டுத்திட்டாகத் தெரியும். காகிதம் ஒட்டுவது இதற்காகத்தான். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்து அடுத்த துண்டோடு கலந்துவிடும், கத்தரித்த ஓரம் கோடாகத் தெரியும். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறினால் பசை தயார். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகின்றன. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். தண்ணீர் கலந்த ஃபெவிகாலும் நன்றாகவே ஒட்டும்.

ஒட்டி முடித்த மறுநாள் எழுத்து வளைந்துகிடப்பது பலரும் சந்திக்கும் தொல்லை. காகித நார்கள் ஈரத்தில் குறுக்கே பருத்து, காயும்போது சுருங்கும். முன்பக்கம் மட்டும் ஒட்டினால் அந்தச் சுருக்கம் அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். பின்பக்கமும் அதே அளவு காகிதம் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. காசிமேடு, எண்ணூர் போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம். மின்விசிறிக்குக் கீழே வைத்து, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முதலில் வெள்ளை அடியுங்கள். செய்தித்தாளின் அச்சு மறையும், மேல் வண்ணமும் எடுப்பாகத் தெரியும். அதன்மேல் ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மெல்லிதாக இரண்டு பூச்சு. போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் கரையும். அக்ரிலிக் காய்ந்ததும் மெல்லிய படலமாகிவிடுவதால் தாங்கும். பெயிண்ட் வேண்டாம் என்றால் வண்ணக் காகிதமே போதும். ஜார்ஜ் டவுன் ஆண்டர்சன் தெருவின் காகிதக் கடைகளில் கிடைக்காத நிறம் அரிது.

கடைசியாக ஓரக்கோடு. என்ஃபீல்டு புல்லட்டின் கதையில் திருவொற்றியூர் தொழிற்சாலைக்குத் தனிப்பெருமை, பெட்ரோல் டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடு. கோடு போடும் தூரிகையில் மயிர் நீளமாக இருக்கும். நிறையப் பெயிண்ட்டைத் தேக்கி, கோடு நடுவில் அறாமல் பார்த்துக்கொள்ளும். விரலை மட்டும் அசைக்காமல் கையையே நகர்த்தி, நிறுத்தாமல் இழுப்பது பழக்கம். மீதி அட்டையில் நாலு கோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுத்துக்கு வாருங்கள்.

விசேஷம் முடிந்த மறுநாளும் கணக்கில் வர வேண்டும். தெர்மாகோல் உடைந்து மணிமணியாகப் பறக்கும், கால்வாயை அடைக்கும், கொடுங்கையூர் குப்பைமேட்டில் மக்காமல் கிடக்கும், எரித்தால் கரும்புகை கக்கும். பெயிண்ட் படாத அட்டையையும் காகிதத்தையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடையிட்டு வாங்கிக்கொள்வார், அது திரும்பவும் அட்டையாகும். ஆகவே, அடுத்த பெட்டியைத் தூக்கிப் போடும் முன் பிள்ளைகளை உட்காரவையுங்கள். கட்டரை நீங்கள் பிடியுங்கள், பசையையும் வண்ணத்தையும் அவர்களிடம் கொடுங்கள். முதல் எழுத்து அவர்கள் பெயரின் எழுத்தாகவே இருக்கட்டும்.