பிரேக் பெடல் காலுக்கு எட்டுகிறதா?

பழைய வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பெங்களூருக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களில் பலர், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி விடுகிறார்கள். பீனியா, பொம்மசந்திரா, ஒயிட்பீல்டு என்று வேலை ஒரு பக்கம். வாடகை குறைந்த வீடு இன்னொரு பக்கம். பஸ்ஸை மட்டும் நம்பினால் ஷிப்டுக்கு நேரத்தில் போய்ச் சேர முடிவதில்லை.

வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். டயரைத் தடவிப் பார்க்கிறார்கள். ஆர்.சி.யைச் சரி பார்க்கிறார்கள். ஆனால் பிரேக் பெடல் தங்கள் காலுக்கு ஒத்து வருகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. முன்பு வைத்திருந்தவரின் காலுக்குத் தகுந்தபடி வைத்த பெடல், புதிதாக வாங்கியவரின் காலுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அரை வினாடியில் ஐந்தரை மீட்டர்

பெடல் அளவுக்கு மேல் உயரமாக இருந்தால், காலைக் கட்டையிலிருந்து தூக்கி, மேலே கொண்டு போய், அதன் பிறகுதான் மிதிக்க வேண்டும். மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் 11 மீட்டர் ஓடி விடும். காலைத் தூக்குவதில் அரை வினாடி வீணானால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே வண்டி ஐந்தரை மீட்டர் போயிருக்கும். அது ஏறக்குறைய இரண்டு ஆட்டோக்களின் நீளம்.

சில்க் போர்டு சந்திப்பு போன்ற இடங்களில் வண்டிகள் ஊர்ந்து செல்லும்போது இன்னொரு தொல்லை. பாதத்தைத் தூக்கியபடியே வைத்திருப்பதால், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வலிக்கும். வலி தாங்காமல் பலர் பாதத்தைப் பெடல் மீதே வைத்து விடுகிறார்கள். இதனால் பிரேக் எப்போதும் லேசாகப் பிடித்தபடி இருக்கும். லைனிங் தேயும். டிரம் சூடாகும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். பின்னால் சிவப்பு விளக்கு அணையாமல் எரிவதால், வண்டி உண்மையில் எப்போது நிற்கப் போகிறது என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பெடல் மிகவும் தாழ்ந்திருந்தாலும் கெடுதல்தான். பாதத்தைக் கீழே வளைத்து எட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால், மிதியில் பலம் இருக்காது.

உயரம் வேறு, ஆட்டம் வேறு

மெக்கானிக்கிடம் போய், "பிரேக் சரியில்லை" என்று மட்டும் சொன்னால், அவர் பின்சக்கரத்து நட்டை இரண்டு சுற்று முறுக்கி அனுப்பி விடுவார். அந்த நட்டு, பெடலின் ஆட்டத்தைக் குறைக்கும். பெடல் நிற்கும் உயரத்தை மாற்றாது.

உயரத்தை மாற்றுவதற்குப் பல வண்டிகளில் பெடலுக்கு அருகில் ஒரு சிறிய போல்ட்டும், அதைப் பிடித்திருக்கும் லாக் நட்டும் உண்டு. கன்னடத்தில் சொல்ல வராதவர்கள், வண்டியில் உட்கார்ந்து காலைக் கட்டையில் வைத்து, பெடல் எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டினாலே போதும்.

தினமும் வேலைக்குப் போட்டுச் செல்லும் அதே செருப்பு அல்லது ஷூவுடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாதம் கட்டையில் படிந்திருக்கும்போது, முன்பாதம் பெடலை அழுத்தாமல் அதற்கு நேர் மேலே இருக்க வேண்டும். கணுக்காலை மட்டும் அசைத்தால் பிரேக் பிடிக்க வேண்டும்.

செய்யும் முறை

எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, நடு ஸ்டாண்டில் வண்டியை ஏற்ற வேண்டும். முதலில் லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டைத் திருப்பி, உயரத்தைச் சரி செய்ய வேண்டும். பிறகு லாக் நட்டை இறுக்கி விட வேண்டும்.

அடுத்தது ஆட்டம். இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பெடலைத் தாழ்த்தும்போது, பிரேக் கம்பியும் சேர்ந்து இழுபடுகிறது. ஆகவே பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தாவிட்டால், மிதிக்காமலே பிரேக் பிடிக்கும். பெடலை உயர்த்தினால் இதற்கு நேர்மாறாக ஆட்டம் கூடி விடும். அப்போது நட்டை முறுக்க வேண்டும். டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில் பெடல் நுனியில் 20 முதல் 30 மில்லி மீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். வண்டியோடு வரும் புத்தகத்தில் உள்ள அளவே சரியானது.

பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால், தடையில்லாமல் சுழல வேண்டும். கடைசியாக, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பே சிவப்பு விளக்கு எரியும்படி அதன் சுவிட்சைச் சரி செய்ய வேண்டும். செயினை இறுக்கும்போது பின்சக்கரம் நகர்வதால், அப்போதும் இந்த ஆட்டத்தைப் பார்ப்பது அவசியம்.

உயரம் மாற்றும் போல்ட் இல்லாத வண்டிகளும் உண்டு. அதற்காகப் பெடலைச் சூடாக்கி வளைப்பது ஆபத்து. அவசரத்தில் ஓங்கி மிதிக்கும்போது அது முறிந்து போகலாம்.

கியருக்கும் இதே பாடு

தொழிற்சாலைக்கு இரும்பு முனை வைத்த ஷூ போட்டுச் செல்பவர்களுக்கு, கியர் லீவருக்கு அடியில் பாதம் நுழைவதில்லை. லீவரின் போல்ட்டை முழுவதும் கழற்றி, தண்டிலிருந்து உருவி, ஒரு பல் மேலே தள்ளி மாட்டினால் இடம் கிடைக்கும். கழற்றும் முன் பழைய நிலையைச் சாக்பீஸால் குறித்துக் கொள்வது நல்லது.

திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்களில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மைசூரில் 1996 வரை தயாரான எஸ்டியில் பிரேக் வலது பக்கம். இன்றைய புல்லட்டிலும் அப்படியே. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவர்கள், கூட்டமில்லாத சாலையில் சில நாள் பழகிய பிறகே நெரிசலில் இறங்க வேண்டும்.

எதில் கை வைக்கக் கூடாது?

பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், பெடலுக்கும் ஆயில் பம்புக்கும் இடையே ஒரு சிறு தண்டு இருக்கிறது. அதில் துளி இடைவெளியும் இல்லாமல் இறுக்கி விட்டால், ஓடும்போதே டிஸ்க் சூடாகிச் சக்கரம் இறுகி விடக்கூடும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையுள்ள புதிய வண்டிகளுக்கு இணைப்பு பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமானது. இணைப்பு பிரேக்கில், பெடலை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். இந்த இரண்டு வகையையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

வேலை முடிந்ததும் உடனே மெயின் ரோட்டுக்குப் போய் விடக் கூடாது. தெருவில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கிலோ மீட்டர் போன பின் இறங்கி, டிரம் அருகே உள்ளங்கையைத் தொடாமல் காட்டினால், அனல் அடிக்கிறதா என்று தெரியும். அனல் அடித்தால் நட்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தளர்த்திய பிறகே வண்டியை வேலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.