தலைவர்களை வளர்த்த மகளிர் கல்லூரிகளும் தாழிட்ட விடுதிக் கதவுகளும்

புதுதில்லி: தலைநகர மகளிர் கல்லூரிகளின் மரபுகளுள் மிக நீண்ட விவாதத்துக்கு உள்ளானது, மாணவிகள் இரவில் குறித்த நேரத்துக்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும் என்ற விதியே.

தில்லியின் முதல் மகளிர் கல்லூரியான இந்திரப்பிரஸ்தா கல்லூரி 1924-ல் தொடங்கப்பட்டது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையாரின் தூண்டுதலால் 1904-ல் உருவான பெண்கள் பள்ளியே அதற்கு அடித்தளம். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், 1948 மார்ச் 7-ம் தேதி, மிராண்டா ஹவுஸ் கல்லூரிக்கு எட்வினா மவுண்ட்பேட்டன் அடிக்கல் நாட்டினார். அதனை நிறுவியவர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் மாரிஸ் குவயர். ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் தந்தையின் காவலில் தனித்தீவில் வளரும் பெண்ணின் பெயர் மிராண்டா. குவயரின் மகளுக்கும் அதே பெயர்தான்.

அவ்வாண்டு ஜூலையில் 33 மாணவிகளுடன் கல்லூரி தொடங்கியது. விடுதியில் முதலில் சேர்ந்தவர்கள் 7 பேர். மகளை வெளியூருக்குப் படிக்க அனுப்பத் தயங்கிய அக்காலப் பெற்றோரின் இசைவைப் பெறக் கட்டுப்பாடுகள் உதவின. உள்ளூர்ப் பாதுகாவலர், வருகைப் பதிவேடு, வெளியே தங்க முன் அனுமதி ஆகியவை விடுதி வாழ்க்கையின் அங்கங்களாயின.

இக்கல்லூரிகளில் பயின்றோர் அரசியலிலும் முத்திரை பதித்தனர். தில்லி முதல்வராக 15 ஆண்டுகள் (1998-2013) இருந்த ஷீலா தீட்சித்தும், 2005-ல் மார்க்சிஸ்ட் கட்சி அரசியல் தலைமைக் குழுவின் முதல் பெண் உறுப்பினரான பிருந்தா காரத்தும் மிராண்டா ஹவுஸ் மாணவியர். மியான்மர் தலைவர் ஆங் சான் சூகி, லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பயின்றவர்.

பொறுமை 2015-ல் உடைந்தது. ஜாமியா மிலியா இஸ்லாமியா பல்கலைக்கழக விடுதி மாணவிகளுக்கான இரவு அனுமதி ரத்து செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 'பிஞ்ரா தோட்' (கூண்டை உடை) என்ற இயக்கம் எழுந்தது. மாணவர் விடுதியில் இல்லாத கெடுபிடி மாணவியருக்கு மட்டும் எதற்கு என்பதே அதன் கேள்வி.

பல்கலைக்கழக மானியக் குழு 2016-ல் அறிவிக்கை செய்த பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி, மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளை விடுதி மாணவிகள் மீது சுமத்தக் கூடாது என்று தெளிவாகக் கூறின. ஆயினும் பிரச்னை தீரவில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவிகள் நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் கேட்டது. அதன்பின் விடுதி நேரக் கட்டுப்பாட்டை இருபாலருக்கும் பொதுவாக்கி அம்மாநில அரசு உத்தரவிட்டது.

பெற்றோரின் அச்சத்தை நிர்வாகங்கள் சுட்டிக்காட்டுகின்றன. அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் தெருவிளக்கு, இரவுப் பேருந்து, காவல்துறை ரோந்து ஆகியவை அரசின் கடமை. அக்கடமையில் நேரும் குறையை, மாணவி நூலகத்தில் செலவிடும் நேரத்தைக் குறைத்து ஈடுகட்டுவது நியாயமாகாது.